புளித் தண்ணீரில் ராணி முகம்

அத்தியாயம் 14

ஆனந்தி வெள்ளிக்கிழமை வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து குணசீலனுக்குச் சோறு இறங்கவில்லை.

கூடப் பிறந்த தங்கை பிறந்த வீட்டுக்கு வருவதற்கு அண்ணன்காரன் ஏன் பயப்பட வேண்டும்? பயப்படக் காரணம் இருந்தது.

அப்பா ராஜாக்கண்ணு இறந்த வருஷமே நிலத்தைப் பிரித்தார்கள். அந்த வீட்டில் எதைப் பிரித்தாலும் முறை ஒன்றுதான். ஒருத்தர் பங்கு போட வேண்டும், இன்னொருத்தர் முதலில் எடுக்க வேண்டும். பங்கு போட்டவருக்கு மிச்சம் நிற்பதுதான். நிலத்துக்குக் குணசீலன் பங்கு போட்டான். "கிணத்துப் பக்கம் தண்ணி நிக்கறதில்ல, யோசிச்சு எடு" என்று தங்கையிடம் சொல்லவும் சொன்னான். அதைக் கேட்டு அவள் மேட்டு நிலத்தை எடுத்துக்கொண்டாள். கிணற்றுப் பக்கம் இவனுக்கு நின்றது.

அந்த ஐப்பசியில் ஜவ்வாது மலை முழுக்க விடாமல் பெய்தது. கிணறு கையால் மொள்ளுகிற உயரத்துக்கு நிரம்பிவிட்டது.

மழையைக் குணசீலன் வரவழைக்கவில்லை. ஆனால் கணியம்பாடியில் உரக்கடை நடத்தும் ஆனந்தியின் புருஷன் பார்த்திபன், இதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்றான். ஒரு தடவை அல்ல, சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் சொன்னான். ஆனந்தியும் கடைசியில் நம்பிவிட்டாள். அதற்கப்புறம் அவள் ஆலங்காயம் பஸ் ஏறவே இல்லை.

இப்போது பிரிக்காமல் பாக்கி இருப்பது ராஜாக்கண்ணு சேர்த்து வைத்த பழைய காசுகள் மட்டும்தான்.

ஆலங்காயம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் அவர். மலைமேல் நெல்லிவாசல் நாட்டுப் பக்கத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வருகிற ஜனங்கள் பழைய பித்தளையையும் வெண்கலத்தையும் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போவார்கள். பானைக்கு அடியில் எந்தக் காலத்திலோ போட்டு மறந்த காசும் அதோடு வந்து விழும். அந்தக் காசுக்கு அவர் தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். ரகம் பிரித்து, துணியில் சுற்றி, மூன்று பிஸ்கட் டின்களில் வைத்திருந்தார்.

முதல் டின்னில் வெள்ளி ரூபாய்கள். விக்டோரியா ராணியில் தொடங்கி, கிரீடம் இல்லாத மொட்டை ராஜா, அவருக்குப் பிந்தைய ஜார்ஜுகள் என்று வரிசையாக இருந்தன. இரண்டாவதில் செம்பு. கும்பினிக் காலத்துக் காலணாவிலிருந்து ஓட்டைக் காலணா வரைக்கும் இருந்தது. மூன்றாவது, சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை. காளை போட்ட அணா, குதிரை போட்ட பைசா, நயா பைசா, தாமரைப் பூ இருபது பைசா, காண்டாமிருகம் போட்ட நாலணா.

அம்மா நீலாவதி, "எனக்குப் பங்கு வாணாம். ராணி மூஞ்சியை வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?" என்று ஒதுங்கிக்கொண்டாள். ஆக, மூன்று டின்னை இரண்டு பங்காக்க வேண்டும். இதற்கும் பங்கு போடுவது குணசீலன், முதலில் எடுப்பது ஆனந்தி.

இந்தத் தடவை ஒரு சொல் வரக் கூடாது என்று குணசீலன் முடிவு செய்திருந்தான். வேலூரில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு இரண்டு முறை போய், காசு விற்கிறவர் ஒருவரிடம் பொறுமையாகக் கேட்டு வந்தான். அவர் சொன்னது இதுதான்: "இன்னைக்கு வெலையைப் பாத்துப் பிரிச்சீங்கன்னா நாளைக்குச் சண்டை வரும். இருபது வருஷம் கழிச்சு எதைத் தேடுவாங்கன்னு பாத்துப் பிரிங்க."

அப்படிப் பார்த்துத்தான் வெள்ளி ஒரு பங்கு, செம்பும் சுதந்திரக் காசும் சேர்ந்து ஒரு பங்கு என்று முடிவு கட்டினான். வெள்ளிக்கு இன்றைக்கே மதிப்பு. மற்ற இரண்டும் மெதுவாக ஏறி வந்து அதைப் பிடிக்கும். தராசு நேராக நின்றது.

வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் நின்றது.

* * *

அப்பாவுக்குப் பிறகு தான் நடத்தும் பாத்திரக்கடையிலிருந்து புதுத் தாம்பாளம் இரண்டை எடுத்துக்கொண்டு குணசீலன் வீட்டுக்குத் திரும்பியபோது, அவன் மனைவி மஞ்சுளா கிணற்றடியில் குந்தியிருந்தாள். எதிரே பேசினில் புளித் தண்ணீர். பக்கத்தில் சலித்த சாம்பல். பழைய வேட்டியை விரித்து அதன்மேல் வெள்ளி ரூபாய்களைக் காயப் போட்டிருந்தாள். வெயிலில் கண் கூசியது.

"இன்னாங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க? வெள்ளி முடிஞ்சிது. இனிமே செம்புதான். அதைப் புளியில போட்டா தானா வந்துரும்."

அவள் கையில் செம்பு டின் சாய்ந்திருந்தது.

தாம்பாளம் இரண்டும் குணசீலன் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தன. அந்தச் சத்தத்துக்கு நீலாவதி அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"மஞ்சு, டின்னைக் கீழ வை."

"ஏங்க?"

"கீழ வைம்மா முதல்ல."

அவள் வைத்தாள். அவன் ஒரு ரூபாயை எடுத்து வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தான். ராணியின் கன்னத்தில் சிலந்தி நூல் மாதிரி கீறல்கள். வேறொன்றை எடுத்தான். அதிலும் இருந்தது.

"இதை ஏன் தேய்ச்ச?"

"பின்ன, கறுப்பாவேவா குடுப்பாங்க? பழசைக் காட்டறதா இருந்தா தேய்ச்சுட்டுக் காட்டு, இல்லாட்டி வூட்டைக் கொறைச்சு நெனைப்பாங்கன்னு மாமாதான் சொல்லுவாரு. நான் கல்யாணமாகி வந்த மறுநாளே என் கையில வெண்கலப் பானையைக் குடுத்தாரு, ஞாபகம் இல்லியா? ஆனந்தி இத்தினி நாள் கழிச்சு வர்றா. அவங்க நைனா வெச்சிட்டுப் போனதை அண்ணி கறுக்க வுட்டுட்டாளேன்னு ஆவக் கூடாதுன்னுதான்..."

"பாத்திரத்துக்குச் சொன்னாரு மஞ்சு. காசுக்குச் சொல்லலை."

"காசுன்னா இன்னா, அதுவும் வெள்ளிதானே?"

குணசீலன் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்காட்சியில் கேட்டதை மெதுவாகச் சொன்னான். வெள்ளி மேல் தானாகப் படியும் அந்தக் கறுப்புதான் அதன் வயசுக்குச் சாட்சி. சேகரிக்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கழுவின காசு என்று தெரிந்துவிட்டால் பத்திரமாக எடுத்து வைக்க மாட்டார்கள். எடைக்குக் கேட்பார்கள்.

மஞ்சுளா நகத்தில் ஒட்டியிருந்த புளிச் சக்கையை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"கடையில கீற அத்தினி சாமானையும் கண்ணாடியாட்டம் வெச்சிருந்த மனுஷன்" என்றாள் நீலாவதி. "இந்த டின்னை மட்டும் தொட வுட மாட்டாரு. நான் சோம்பேறித்தனம்னு நெனைச்சு நல்லா திட்டியிருக்கேன்."

"சொல்லிடுங்க அவகிட்ட" என்றாள் மஞ்சுளா.

"சொன்னா நம்புவாளா? அன்னைக்குக் கிணத்துல தண்ணி இல்லைன்னேன். இன்னைக்கு வெள்ளியில வெலை இல்லைங்கப் போறேன். வெள்ளியை அமுக்கறதுக்கோசரம் சொல்றேன்னுதானே நெனைப்பா."

"சொல்லாட்டி?"

"வெள்ளியை எடுத்துக்கினு சிரிச்சிக்கினே போவா. எங்கனா ஒருத்தன்கிட்ட காட்டறப்பத் தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் இந்த வாசப்படியை மிதிக்கவே மாட்டா."

மலைப் பக்கமிருந்து ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் போயிற்று. வெள்ளி ரூபாய்கள் நன்றாகவே காய்ந்துவிட்டன.

* * *

ஆனந்தி வாணியம்பாடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை சாத்துக்குடி. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மஞ்சுளாவிடம் "நல்லா கீறீங்களா அண்ணி?" என்றாள். அண்ணனிடமும் அதையே, அதே மரியாதையோடு, "நல்லா கீறீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து அவனை 'நீ' என்று பேசியவள். குணசீலன் தலையை மட்டும் ஆட்டினான்.

"காப்பி போடட்டுமா?"

"அப்புறம் அண்ணி. முதல்ல வந்த வேலையை முடிச்சிரலாம். மூணு மணி பஸ்ஸைப் புடிக்கணும்."

கூடத்தில் பாய் விரித்து இரண்டு தாம்பாளத்தையும் வைத்தார்கள். ஒன்றில் வெள்ளி. மற்றதில் செம்பு ஒரு பக்கமும் சுதந்திரக் காசு ஒரு பக்கமுமாக. மஞ்சுளா சமையல்கட்டை விட்டு வரவில்லை.

ஆனந்தியின் கண் வெள்ளிக்குத்தான் போனது. "நைனா காசா இது? இவ்ளோ வெளிச்சமா இருந்ததே இல்லியே."

"அதை அப்புறம் சொல்றேன். முதல்ல இந்தத் தட்டைப் பாரு" என்று குணசீலன் பேச்சைத் திருப்பினான். திருப்புகிறோம் என்று அவனுக்கே தெரிந்தது.

செம்பைக் காட்டினான். "செம்பு காத்துப் பட்டாலே பச்சை பூத்துடும். நூறு வருஷத்துக்கு மேல பூக்காம நிக்கறது கொஞ்சம்தான். அதனால நல்லா இருக்கறதுக்கு வெலை ஏறும், ஆனா நிதானமாத்தான் ஏறும். இதுல முக்கியம் வரிசை. ஒவ்வொரு வருஷத்துக் காசும் சேந்து நின்னாத்தான் மதிப்பு. நடுவுல நாலு போச்சுன்னா பாதி வெலை கூட வராது."

"வெள்ளிக்கும் அப்படியா?"

"எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"முப்பத்தொம்போதாம் வருஷத்து ரூபாய் ஒண்ணு நம்மகிட்ட இல்லியாம்" என்றாள் நீலாவதி. "அது இருந்தா இந்த ஓட்டு வூடு மாடி வூடு ஆயிருக்குமாம். உங்க நைனா தெனமும் சொல்லிக்கினு இருந்தாரு. இல்லாத ரூபாயை வெச்சே என்னை மாடியில குடி வெச்சவரு."

ஆனந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சுதந்திரக் காசுகளில் ஒன்றை விரல் நுனியில் எடுத்தாள். காண்டாமிருகம் போட்ட நாலணா.

"இதைக் குடுத்துத்தான் ஸ்கூல் வாசல்ல நெல்லிக்கா வாங்குவோம். இதுக்கெல்லாம் வெலை வருமாண்ணா?"

"இப்ப வராது. கோடிக்கணக்குல அடிச்சது."

"வரும்னு தோணுது. ராணி காசை வெச்சு முட்டாய் வாங்கினவங்க யாருனா இப்ப கீறாங்களா? இதுல வாங்கினவங்க நாங்க கீறோம். எங்களுக்கு வயசாவும், பசங்க சம்பாதிப்பாங்க, கையில நாலு காசு நிக்கும். அப்ப நாங்க ராணியையா தேடுவோம்? எங்க நாலணாவைத்தானே தேடுவோம்."

"தேடுவீங்க. தேடற எல்லாருக்கும் கெடைச்சிடும். கெடைக்கறதுக்கு எவன் வெலை குடுப்பான்? ஆனா நைனா பேங்குல புதுசா வந்தப்பவே வாங்கி, கை படாம சுத்தி வெச்சிருக்காரு பாரு, அந்த மாதிரி கெடைக்காது. அதுக்கு ஏறும்."

"அந்தத் தாமரைக் காசு? அதுல தங்கம் கலந்திருக்குன்னு எங்க மாமியா மோதிரம் அடிச்சிப் போட்டிருக்காங்க."

"ஊர் முழுக்க அடிச்சிப் போட்டாங்க. அதனாலதான் நல்ல காசு கொறைஞ்சு போச்சு. உங்க மாமியாரு இந்தத் தட்டுக்கு நல்லதுதான் பண்ணியிருக்காங்க."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பாத்திரக்கடைப் பிள்ளைகளாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். எது ஏறும், எது நிற்கும், எதை யார் கேட்பார்கள் என்று. நீலாவதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தப் பேச்சு முடியாமல் இருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஆனால் ஆனந்தி மணியைப் பார்த்தாள்.

"சரிண்ணா. நான் வெள்ளியையே எடுத்துக்கறேன். அவரு சொல்லித்தான் அனுப்பிச்சாரு."

கையை நீட்டினாள்.

"நில்லு" என்றான் குணசீலன். "அதுல ஒண்ணு சொல்லணும்."

சொன்னான். புளி, சாம்பல், கீறல் எல்லாவற்றையும் சொன்னான். நேற்று வரை இரண்டு தட்டும் சமம், இன்று காலையிலிருந்து வெள்ளித் தட்டு இறங்கிப்போயிற்று என்றான்.

ஆனந்தி நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது.

"நான் வெள்ளியை எடுக்கறேன்னு சொன்னப்புறம் சொல்றீங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கணும். தைரியம் வரலை."

"கிணத்துக்கும் இப்படித்தான் சொன்னீங்க. நான் கேட்டேன்."

"ஆனந்தி, நீயே புதுசா பங்கு போடு. நான் எதுவும் பேசலை. இல்லாட்டி மூணு டின்லயும் பாதிப் பாதியா எடுத்துக்கோ."

"வரிசை உடைஞ்சா வெலை இல்லைன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?" அவள் குரல் உயரவில்லை. பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "யாரு தேய்ச்சது?"

"நான்தான்."

நீலாவதியால் பொறுக்க முடியவில்லை. "இவனா? துன்ன தட்டை எடுத்து வெச்சிருக்கானா பொறந்ததுலயிருந்து?"

சமையல்கட்டு வாசலில் மஞ்சுளா வந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் தேய்ச்சேன் ஆனந்தி. அவரு கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள தேய்ச்சுட்டேன். அவருக்குத் தெரியாது. நீ வர்றியேன்னு தேய்ச்சேன்."

அவள் பாயில் உட்கார்ந்து, கையில் வைத்திருந்ததை ஆனந்தியின் முன்னால் வைத்தாள். ஒரு மொட்டை ராஜா ரூபாய். ஓரமெல்லாம் நீலம் ஓடிய கறுப்பு. "டின்னைக் கழுவி வெக்கலாம்னு எடுத்தேன். இது ஒண்ணு துணி மடிப்புல தங்கிட்டிருக்குது."

ஆனந்தி தாம்பாளத்திலிருந்து தேய்த்த மொட்டை ராஜா ரூபாய் ஒன்றை எடுத்தாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். பழசில் ராஜாவின் தாடி முடி முடியாகத் தெரிந்தது. தேய்த்ததில் அது மழுங்கியிருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கல்யாணம் ஆகும்வரை கடைப் பாத்திரம் தேய்த்த விரல் அது. கீறல் எந்தப் பக்கம் போகிறது என்று அதற்குத் தெரியும்.

"சாம்பலைச் சலிச்சீங்களா அண்ணி?"

"ரெண்டு தபா சலிச்சேன்."

"வட்டமா தேய்ச்சிருக்கீங்க."

"மாமா அப்படித்தானே காட்டிக் குடுத்தாரு."

ஆனந்தி தோளிலிருந்து பையை இறக்கினாள்.

"எனக்கும் அப்படித்தான் காட்டிக் குடுத்தாரு. தப்பா தேய்ச்சா தலையில குட்டு வுழும்." தேய்த்த ரூபாயைத் தட்டில் வைத்தாள். "நான் இந்த வூட்டுல இருந்திருந்தா இதைத்தான் பண்ணியிருப்பேன். செம்பைக் கூட வுட்டிருக்க மாட்டேன்."

"செம்பையும் போடத்தான் இருந்தேன். இவரு வந்து கத்தினாரு."

"கத்தினாரா? இவருக்குக் கத்தக் கூட வருமா?"

மஞ்சுளா அழுதுகொண்டே சிரித்தாள். நீலாவதி எழுந்து காப்பி வைக்கப் போனாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனந்தி அண்ணன் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "அந்தக் கிணறு. நெசமாவே தண்ணி நிக்காதுன்னுதான் நெனைச்சியா?"

"மழைக்கு முன்னாடி நீயும்தானே எட்டிப் பாத்த? அடியில தவளை ஒண்ணு உக்காந்திருந்துது."

"இப்ப?"

"இப்பவும் அந்தத் தவளைதான் உக்காந்துகீது. போன கோடையிலியே வத்திடுச்சு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? நீ போனை எடுக்கணுமே."

ஆனந்தி கறுத்த மொட்டை ராஜாவைத் துணியில் வைத்து மூலை மூலையாக மடித்தாள்.

"தேய்ச்சதெல்லாம் திரும்பக் கறுக்காதாண்ணா?"

"கறுக்கும். சும்மா வெச்சிருந்தா மெதுவா நெறம் ஏறும். கீறல் போவாது. பழைய வெலையும் வராது. ஆனா வெறும் எடைக்குப் போவற காசா இருக்காது."

"எத்தினி வருஷம் ஆவும்?"

"பத்து ஆவலாம். இருபதும் ஆவலாம்."

"அப்ப இன்னைக்கு எடுக்க வாணாம். எல்லாத்தையும் டின்லியே போடு. சமமா ஆவட்டும், அப்ப எடுத்துக்கறேன்."

"அதுவரைக்கும்?" என்று உள்ளேயிருந்து நீலாவதி கேட்டாள்.

"வந்து வந்து பாத்துக்கறேன். கறுப்பு ஏறுதா இல்லியான்னு யாருனா பாக்க வாணாமா? இவங்களை நம்பி வுட்டா அடுத்த வெள்ளிக்கிழமையும் தேய்ச்சிடுவாங்க."

"தேய்க்க மாட்டேன், சத்தியமா" என்றாள் மஞ்சுளா.

காப்பி வந்தது. ஆனந்தி ஆற்றிக் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் பைக்குள் போன் அடித்தது. பார்த்திபன். அவன் குரல் எப்போதும் போலப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"எடுத்துட்டியா? வெள்ளிதானே?"

"இன்னும் இல்லீங்க."

"இன்னும் இல்லியா? நல்லதாப் போச்சு, அங்கியே இரு. வேலூர்ல காசு வாங்கறவரு ஒருத்தரு நேர்ல பாக்கணும்னாரு. கார்ல கூட்டிக்கினு வர்றேன். வாணியம்பாடி தாண்டிட்டோம். உங்கண்ணன் பேச்சைக் கேட்டு எதையாவது மாத்திக் கீத்தி எடுத்துடாத."

போன் வைக்கப்பட்டது. தாம்பாளத்தில் வெள்ளி ரூபாய்கள் பளபளவென்று கிடந்தன. வருகிறவன் விவரம் தெரிந்தவன். வாசல்படி ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவான்.

குணசீலன் எழுந்தான். "டின்னுல போட்டு உள்ள வெச்சிடட்டுமா?"

"வாணாம். அங்கியே கெடக்கட்டும்" என்றாள் ஆனந்தி. "மறைச்சாத்தான் அவரு ஆயிரம் கணக்குப் போடுவாரு. நான் சொல்லிக்கறேன்."

"உன்னைத் திட்டுவாரே."

"திட்டுவாருதான்."

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்தாள்.

"அண்ணி, ஒலையில இன்னும் ரெண்டு பேருக்கு அரிசி போடுங்க. அரிசி டின் எங்க வெச்சிருக்கீங்க? பழைய எடத்துலதானே?"